செம்மணியும் சர்வதேச சமவாயமும்: ஒப்பமிட்டது அரசு, சுமப்பது உறவுகள்

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5ஆம் திகதி பிற்பகல், யாழ்ப்பாணம் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு கூட்டம் கூடியிருந்தது. செம்மணி மனிதப் புதைகுழியிலிருந்து என்புக்கூடுகளுடன் மீட்கப்பட்ட ஆடைகள், காலணிகள், வளையல்கள், பாடசாலைப் பை, குழந்தைகளின் பாவனைப் பொருட்கள் என்பன அன்றைய தினம் நீதிமன்ற உத்தரவின் பேரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தமது பிள்ளைகளையும் கணவன்மாரையும் தேடிவரும் உறவினர்கள், அவற்றுள் ஏதேனும் ஒன்று தமக்குத் தெரிந்ததாக இருக்குமோ என்று பார்த்துச் சென்றனர். அடையாளம் காண வேண்டும் என்ற தவிப்பும், கண்டுவிடக் கூடாதே என்ற வேண்டுதலும் ஒரே நெஞ்சில் குடியிருந்த அந்தப் பிற்பகலை யாழ்ப்பாணம் இலகுவில் மறந்துவிடாது.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 2016 மே 25ஆம் திகதி, வலிந்து காணாமலாக்கப்படுவதிலிருந்து எல்லா ஆட்களையும் பாதுகாப்பதற்கான சர்வதேச சமவாயத்தை இலங்கை அரசாங்கம் ஏற்று உறுதிப்படுத்தியிருந்தது. காணாமலாக்கப்பட்டவரைத் தேடுவதும், அவர் உயிரிழந்திருப்பின் எச்சங்களைக் கண்டுபிடித்து, மரியாதையுடன் பேணி, உரியவர்களிடம் ஒப்படைப்பதும் அரசின் கடமை என அச்சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால், சித்துப்பாத்தியில் எச்சங்கள் வெளிப்பட்டது அரசு மேற்கொண்ட தேடுதல் ஒன்றின் விளைவாக அல்ல. 2025 பெப்ரவரியில், தகன மேடை அமைப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோதே மனித என்புகள் தென்பட்டன. தகவல் நீதிமன்றத்துக்குச் சென்றது. மே மாதத்தில் யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றின் மேற்பார்வையில் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையிலான குழுவினர் அகழ்வை ஆரம்பித்தனர். செப்டெம்பர் முதல் வாரமளவில் 240 என்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. அவற்றுள் குழந்தைகளினதும் சிறுவர்களினதும் எச்சங்கள் இருந்தமை நாட்டையே உலுக்கியது.

நியூயோர்க்கில் வைப்பிலிடப்படும் ஓர் உறுதிப்பத்திரத்துக்கும் அரியாலையில் தோண்டப்படும் ஒரு குழிக்கும் இடையிலான தூரம் நீண்டது. அந்தத் தூரத்தைக் கடப்பவர் யார் என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய கேள்வியாகும். சர்வதேச உடன்படிக்கைகளை அரசுகள் ஒப்பமிடுகின்றன. அவற்றுக்கு உயிரூட்டும் பணியோ பெரும்பாலும் ஒப்பமிடும் மேசைக்கு அழைக்கப்படாதவர்களின் தோள்களிலேயே விழுகின்றது. யாழ். குடாநாட்டின் அனுபவம் இதற்கு மிகத் தெளிவான சான்று.

சமவாயம் என்ன சொல்கின்றது?

ஐ.நா. பொதுச்சபை இச்சமவாயத்தை 2006 டிசம்பர் 20ஆம் திகதி ஏற்றுக்கொண்டது. 2010 டிசம்பர் 23ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இதன் நதிமூலம் வெளியுறவு அமைச்சு எதிலும் இல்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் இராணுவ ஆட்சிகளால் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் ஒன்றிணைந்து, இத்தகையதொரு சர்வதேசச் சட்டம் வேண்டுமெனக் குரலெழுப்பின. கால்நூற்றாண்டு கடந்த பின்னரே அக்குரல் சமவாயமாக உருப்பெற்றது. ஆகவே, உறவுகளின் பங்கு இச்சமவாயத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒன்றல்ல. அதன் பிறப்பிலேயே கலந்திருப்பது.

நமது மக்கள் நன்கு அறிந்திருக்க வேண்டிய நான்கு விடயங்கள் இதில் உள்ளன. முதலாவது, காணாமலாக்கப்பட்டவர் மட்டுமன்றி, அதனால் நேரடியாகப் பாதிப்புற்ற எவரும் பாதிக்கப்பட்டவரே என 24ஆம் உறுப்புரை வரையறுக்கின்றது. மகனைத் தேடும் தாய் சட்டத்தின் பார்வையில் வெறும் சாட்சியோ மனுதாரரோ அல்லர். அவரும் உரிமையுடைய ஒரு தரப்பு. உண்மையை அறியும் உரிமை அவருக்கு உண்டு. இரண்டாவது, இக்குற்றம் தொடர்ச்சியான தன்மை கொண்டது என்பதால், காலவரையறை எதுவும் விதிக்கப்படுமாயின் அது குற்றம் முடிவுறும் நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என 8ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1996இல் கொண்டு செல்லப்பட்டவரின் கதி அறியப்படாதவரை அந்தக் குற்றமும் முடிவடையவில்லை என்று வாதிடுவதற்கு இது வழிவகுக்கின்றது. மூன்றாவது, அரசின் அதிகாரமோ ஆதரவோ இன்றிச் செயற்பட்ட ஆட்களும் குழுக்களும் இழைத்த இத்தகைய செயல்களையும் அரசு விசாரித்து நீதியின் முன் நிறுத்த வேண்டும் என்கின்றது 3ஆம் உறுப்புரை. இதன் முக்கியத்துவத்தைப் பின்னர் பார்ப்போம்.

நான்காவதே நமது கேள்விக்கு நேரடியான பதில். காணாமலாக்கப்பட்டோரின் கதியைக் கண்டறிவதற்கும் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதற்கும் முயலும் அமைப்புகளை உருவாக்கவும் அவற்றில் சுதந்திரமாகப் பங்குபற்றவும் உள்ள உரிமைக்கு அரசு உத்தரவாதமளிக்க வேண்டும் என 24ஆம் உறுப்புரையின் ஏழாவது பந்தி விதிக்கின்றது. அதாவது சிவில் சமூகத்தின் பணி அரசாங்கம் இரங்கி அனுமதிக்கும் சலுகை அல்ல, ஒப்பந்தக் கடப்பாடு. வீதியோரக் கொட்டகையில் புகைப்படத்துடன் அமர்ந்திருக்கும் தாயைப் புலனாய்வாளர் சென்று விசாரிப்பாராயின், அங்கு மீறப்படுவது அத்தாயின் மனவமைதி மாத்திரமன்று, நாடு ஒப்பமிட்ட ஒரு சட்டமுமாகும்.

அரசு செய்ததும் செய்யாததும்

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016 ஓகஸ்டில் நிறைவேறியது. அதே ஆண்டில், மரண சான்றிதழ் பெற விரும்பாத குடும்பங்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழிசெய்யப்பட்டது. சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்கும் 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அவ்வருடம் மார்ச் 7ஆம் திகதி பாராளுமன்றத்தில் 53 வாக்குகள் ஆதரவாகவும் 16 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு நிறைவேறியது. 225 உறுப்பினர் கொண்ட சபையில் பெரும்பான்மையோர் வாக்களிக்காமலேயே இருந்துவிட்டனர் என்பதும் இங்கு கவனத்துக்குரியது.

ஆனால், இவை உருவாக்கப்பட்ட விதமே அவற்றின் பலவீனத்துக்கு வித்திட்டது. நல்லிணக்கப் பொறிமுறைகள் குறித்து மக்களின் கருத்தறிவதற்காக 2016 ஜனவரியில் மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் 11 பேர் கொண்ட செயலணி நியமிக்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் யாவரும் சிவில் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணம் உட்பட நாடெங்கும் அமர்வுகளை நடத்தி, 7,000க்கும் மேற்பட்ட கருத்துகளைத் திரட்டி, 2017 ஜனவரி 3ஆம் திகதி அச்செயலணி தனது அறிக்கையைக் கையளித்தது. எனினும், அந்தக் கருத்தறியும் பணி முடிவடைவதற்கு முன்னரே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகச் சட்டம் நிறைவேற்றப்பட்டுவிட்டது. கேட்பதற்கு ஆட்களை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வருமுன் தீர்மானம் எடுக்கப்பட்டது. உறவுகள் அந்த அலுவலகத்தை இன்றளவும் நம்ப மறுப்பதற்கான காரணங்களுள் இது முதன்மையானது.

அலுவலகத்தின் கண்டறிதல்கள் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ தோற்றுவிக்கமாட்டா எனச் சட்டமே கூறுகின்றமை மற்றொரு காரணம். 2022 மார்ச்சில் குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை தீர்மானித்தபோது, உண்மைக்குப் பதிலாகப் பணம் நீட்டப்படுகின்றது என்றே தாய்மார் அதனைப் புரிந்துகொண்டனர். மேலும், சமவாயத்தின் கீழ் அமைந்த ஐ.நா. குழுவிடம் தனிநபர்கள் நேரடியாக முறையிட வழிவகுக்கும் 31ஆம் உறுப்புரையை உறுதிப்படுத்தும்போது இலங்கை ஏற்றுக்கொள்ளவில்லை. நாடுகள் ஒன்றின் மீது ஒன்று முறையிடும் 32ஆம் உறுப்புரையை மட்டும் ஏற்றது. அரசுகள் பேசலாம், தாய்மார் பேசக்கூடாது என்பதே இதன் பொருளாகின்றது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். 2015 ஒக்டோபரில் ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் தான் இணை அனுசரணை வழங்கிய தீர்மானத்திலிருந்து இலங்கை 2020 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. தீர்மானங்களின் கதி அதுவே. ஆட்சி மாறியதும் அனுசரணை மாறும். சமவாயமோ அரசாங்கத்தை அல்ல, நாட்டையே கட்டுப்படுத்துவது. ஆட்சிகள் வந்து போகும்போதும் அதை நினைவூட்டிக்கொண்டிருக்க ஒரு தொடர்ச்சி தேவை. அந்தத் தொடர்ச்சி அமைச்சுகளில் இல்லை. உறவுகளின் வீடுகளில், பழைய பொலித்தீன் பைகளில் மடித்து வைக்கப்பட்டுள்ள முறைப்பாட்டுப் பிரதிகளிலேயே அது இருக்கின்றது.

நாற்பது ஆண்டுத் தடம்

யாழ்ப்பாணத்தில் இந்தத் தடம் 1984ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. கைது செய்யப்பட்டுக் கொண்டு செல்லப்பட்ட இளைஞர்களின் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு கச்சேரியை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அரசாங்க அதிபரிடம் அவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: எங்கள் பிள்ளைகள் எங்கே? ஆறு ஆண்டுகளின் பின்னர், ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில் பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமலாக்கப்பட்டபோது, தென்னிலங்கையின் தாய்மாரும் அதே பெயரிலேயே அணிதிரண்டனர். 1990 செப்டெம்பரில் அவர்களது ஆவணங்களையும் புகைப்படங்களையும் ஜெனீவாவுக்கு எடுத்துச் செல்ல முயன்ற எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமிருந்து அவை கட்டுநாயக்க விமான நிலையத்தில் பறிமுதல் செய்யப்பட்டன. அந்த உறுப்பினர் மகிந்த ராஜபக்ஷ. பின்னாளில் அவரே ஜனாதிபதியானபோது வடக்கின் தாய்மார் அதே ஜெனீவாவை நாடியமை துரோகமாகச் சித்திரிக்கப்பட்டது என்பதை வரலாறு குறித்துக்கொண்டுள்ளது.

1995-96இல் குடாநாடு மீண்டும் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததன் பின்னர், 1996ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 600 பேர் இங்கு காணாமற்போனதாக சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. அவ்வேளையில் பெற்றோரும் பாதுகாவலரும் சங்கமாக அணிதிரண்டு பெயர்ப் பட்டியல்களைத் தயாரித்தனர். யார், எங்கே, எந்தச் சோதனைச்சாவடியில், எத்தனை மணிக்கு என்ற அந்த விபரங்களே பின்னர் நடந்த எல்லா விசாரணைகளுக்கும் அடிப்படையாயின. அதே ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. அந்த வழக்கு மூடி மறைக்கப்படாமல் கொழும்பு மேல்நீதிமன்றம் வரை சென்றதற்குச் சட்டத்தரணிகளும் பெண்கள் அமைப்புகளும் கொடுத்த இடைவிடாத அழுத்தமே காரணமாயிற்று. 1998 ஜூலையில் தண்டனை விதிக்கப்பட்ட லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன எனத் திறந்த நீதிமன்றில் கூறினார். 1999இல் நடைபெற்ற அகழ்வில் 15 உடல்கள் மீட்கப்பட்டன. அத்துடன் கோப்பு மூடப்பட்டது. கால்நூற்றாண்டு கழித்து 2025இல் அதே சுற்றாடலில் வெளிப்பட்ட எச்சங்கள், அன்று மூடப்பட்ட கோப்பையும் மீளத் திறக்கச் சொல்கின்றன.

நீதிமன்றப் படிகளிலும் இதே உழைப்பைக் காணலாம். 1996இல் நாவற்குழியில் இராணுவத்தினரால் கைது செய்யப்பட்ட பின்னர் காணாமற்போன இளைஞர்கள் தொடர்பில், இருபத்தோர் ஆண்டுகள் கழித்து 2017இல் யாழ். மேல்நீதிமன்றில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. உறவினர்களுக்காகத் தோன்றிய சட்டத்தரணிகளுள் ஒருவர் யாழ். பல்கலைக்கழகச் சட்டத்துறை விரிவுரையாளர் கலாநிதி குமாரவடிவேல் குருபரன். இராணுவம் தெரிவித்த ஆட்சேபத்தை அடுத்து, அவர் நீதிமன்றில் தோன்றுவதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2019இல் தடை விதித்தது. 2020இல் அவர் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். சமவாயத்தை உறுதிப்படுத்திய நாடொன்றில், அச்சமவாயம் பாதுகாக்கும் பணியைச் செய்தவர் கொடுத்த விலை இது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டம் வவுனியா, முல்லைத்தீவு எனப் பரவி, மார்ச் நடுப்பகுதியில் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கு மருதங்கேணியையும் அடைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைச் சந்தித்தபோது, யுத்தத்தின் இறுதியில் சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடுமாறு தாய்மார் கேட்டனர். வாக்குறுதி கிடைத்தது, பட்டியல் கிடைக்கவில்லை. கொட்டகைகளில் இருந்தவர்களில் பலர் பிள்ளைகளின் முடிவை அறியாமலேயே கண்மூடிவிட்டனர். 2025 ஜூனில் செம்மணியில் மூன்று நாட்கள் நடைபெற்ற ‘அணையா விளக்கு’ போராட்டத்தின் இறுதி நாளில், அங்கு வந்த ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் வோல்கர் டர்க் புதைகுழியை நேரில் பார்வையிட்டார். நிகழ்ச்சி நிரலில் எதைச் சேர்ப்பது என்பதில் அரசுகளுக்கு எப்போதும் தயக்கமிருக்கும். வீதியில் நிற்கும் மக்களே அதற்கான இடத்தை உருவாக்குகின்றனர்.

முஸ்லிம் உறவுகளை விட்டுவிட்டு ஒரு பட்டியலா?

இவ்வளவையும் கூறிய பின்னர், தமிழ்ச் சிவில் சமூகம் தன்னை நோக்கியும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் பட்டியலில் முஸ்லிம்களின் பெயர்களுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் என்ன?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகதெரு ஒரே நாளில் வெறுமையானது. அந்த வெளியேற்றத்தை இன்று பலரும் ஏற்றுப் பேசுகின்றனர். ஆனால், அக்காலப்பகுதியில் புலிகளால் கொண்டு செல்லப்பட்ட யாழ். முஸ்லிம் வர்த்தகர்களுள் சிலர் திரும்பி வரவேயில்லை என்பதைப் பேசுவோர் குறைவு. அதே ஆண்டு ஜூலையில் மட்டக்களப்பு குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட முஸ்லிம் பயணிகளின் குடும்பங்கள், அங்குள்ள புதைகுழியைத் தோண்டி ஜனாஸாக்களை மீட்டுத் தருமாறு நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன. 2014ஆம் ஆண்டளவில் அக்கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றும் அகழ்வு இழுபட்டுக்கொண்டே போயிற்று. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை அரச ஆணைக்குழு எதுவும் முழுமையாக ஆராயாத நிலையில், சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் ஒழுங்கு செய்த பிரஜைகள் ஆணைக்குழுவே அப்பணியை மேற்கொண்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது என்பதையும் நினைவுகூர வேண்டும். அங்கும் அரசு விட்ட இடத்தைச் சிவில் சமூகமே நிரப்பியது.

சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை இங்குதான் பொருள் பெறுகின்றது. ஆயுதக் குழுக்கள் இழைத்தவற்றையும் விசாரிப்பது அரசின் கடமை என்பதால், குருக்கள்மடத்துக் குடும்பமும் செம்மணிக் குடும்பமும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே உரிமையைக் கோரி நிற்கின்றன. புலிகளின் செயல்களைப் பேசினால் அரச குற்றங்கள் மறைக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் தமிழரிடையே உண்டு. அது ஆதாரமற்ற அச்சமுமல்ல. முஸ்லிம்களின் துயரைத் தமிழரின் கோரிக்கைக்கு எதிரான கேடயமாகப் பயன்படுத்திய அரசாங்கங்களை நாம் கண்டிருக்கின்றோம். குருக்கள்மடத்தைப் பேசிவிட்டு அங்கே தோண்டாமல் விட்டவையும் அதே அரசாங்கங்கள்தான். எனவே, இரு சமூகத்தினரும் தத்தமது பட்டியலுடன் தனித்தனியே கொழும்புக்கும் ஜெனீவாவுக்கும் செல்லும்வரை அந்தக் கேடயம் அரசின் கையிலேயே இருக்கும். ஒரே பட்டியலுடன் செல்லும் நாளில் அது கைநழுவும்.

துயரின் தன்மையிலும் இரு சமூகத்தாரும் அயலவர்களே. கணவன் உயிருடன் உள்ளாரா இல்லையா என அறியாத தமிழ்ப் பெண், பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்ற கேள்வியுடன் ஒவ்வொரு விடியலையும் எதிர்கொள்கின்றாள். அந்தியேட்டி செய்வதற்கு நாளும் தெரியாது, திதியும் தெரியாது. முஸ்லிம் பெண்ணுக்கோ இத்தா எப்போது தொடங்குவது என்பதே தெரியாது. ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும் நிறைவேறாத கவலை அவளை விடுவதில்லை. காணாமற்போனவரை ‘மஃப்கூத்’ எனக் குறிப்பிடும் இஸ்லாமியச் சட்டம், அவரது மரணம் உறுதியாகும்வரை அல்லது தீர்ப்பாகும்வரை சொத்தைப் பங்கிட இடமளிப்பதில்லை. காணிப் பிரச்சினை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் திருமணம் என வாழ்வின் எல்லாக் கதவுகளிலும் அதே பூட்டு. உண்மையை அறியும் உரிமை என்று சமவாயம் கூறுவது இந்தப் பூட்டுகளைத் திறக்கும் சாவியைத்தான்.

ஆர்ஜென்டீனா கற்றுத் தரும் பாடம்

சிவில் சமூகம் கோஷம் எழுப்புவதுடன் நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு ஆர்ஜென்டீனா ஒரு முன்னுதாரணம். 1977 ஏப்ரலில் புவனோஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்தில் சில தாய்மார் கூடிச் சுற்றி நடக்கத் தொடங்கினர். அதே ஆண்டில் பாட்டிமாரின் அமைப்பும் உருவாகியது. இராணுவச் சிறைகளில் பிறந்து பிறருக்குக் கொடுக்கப்பட்ட தமது பேரக்குழந்தைகளை, பெற்றோர் உயிருடன் இல்லாத நிலையில், பாட்டிமாரின் இரத்தத்தைக் கொண்டு அடையாளம் காண முடியுமா என அவர்கள் விஞ்ஞானிகளிடம் கேட்டனர். அக்கேள்விக்கு விடையாகவே அமெரிக்க மரபணு ஆய்வாளர் மேரி கிளயர் கிங் முதலானோர் புதிய பரிசோதனை முறையை வகுத்தனர். 1984இல் இளம் ஆய்வாளர்களைக் கொண்ட தடயவியல் மானிடவியல் குழு அரசுக்கு வெளியே உருவானது. 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டபூர்வமாக நிறுவப்பட்டது. இதுவரை 140 வரையான பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளனர். இவை யாவும் பாட்டிமார் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து முளைத்தவை.

இலங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட என்புக்கூடுகள் மீட்கப்பட்டன. மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டு, அவை பல நூற்றாண்டுகள் பழைமையானவை என 2019இல் முடிவு வந்தது. மாதிரித் தெரிவு குறித்து உறவுகளும் சட்டத்தரணிகளும் எழுப்பிய சந்தேகங்கள் தீர்க்கப்படவில்லை. 2023 ஜூனில் வெளிப்பட்ட கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியிலிருந்து 2024 ஜூலை வரை 52 என்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. எலும்பு உண்டு, அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உறவினரின் மரபணுத் தொகுப்பு இல்லை. அத்தொகுப்பு இல்லாதவரை எத்தனை குழிகளைத் தோண்டினாலும் எச்சங்களுக்குப் பெயர் கிடைக்கப் போவதில்லை. தாய்மார் மறைய மறைய, அவர்களது இரத்தத்தில் உள்ள சான்றும் மறைகின்றது. சமவாயம் எவ்வளவு காலமும் காத்திருக்கலாம். எண்பது வயதுத் தாயால் அது இயலாது.

இனிச் செய்ய வேண்டியவை

உறவுகளின் அமைப்புகளும் குறைகளற்றவை அல்ல. மாவட்டத்துக்கு மாவட்டம் பிளவுகள் உண்டு. அரசியல் கட்சிகள் அவற்றைத் தம்பக்கம் இழுக்கின்றன. புலம்பெயர் உதவி சில இடங்களில் பிணக்கையும் கூடவே கொண்டு வந்தது. அரசசார்பற்ற நிறுவனங்கள் பல, திட்டக் காலம் முடிந்ததும் தாய்மாரையும் மறந்துவிடுகின்றன. ஒரே சாட்சியத்தைப் பத்து இடங்களில் சொல்லவைத்து, ஒவ்வொரு முறையும் அவர்களை அழவைத்ததற்கு ஆணைக்குழுக்களுடன் சேர்த்து நிறுவனங்களும் பொறுப்பேற்க வேண்டும். இக்குறைகளைக் களைந்துகொண்டே முன்செல்ல வேண்டியுள்ளது.

முதலாவதாக, அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே, நீதிமன்றமும் சுயாதீன நிபுணரும் உறவுகளின் பிரதிநிதிகளும் மேற்பார்வை செய்யும் மரபணுத் தரவு வங்கி ஒன்று உடனடியாகத் தேவை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி எல்லாக் குடும்பங்களின் மாதிரிகளும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையை இலங்கை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது எல்லாச் சமூகங்களின் பொதுக் கோரிக்கையாக வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அறிவித்தல் போதும். மூன்றாவதாக, அகழ்வுப் பணிகளில் உறவினரும் அவர்களது சட்டத்தரணிகளும் பங்குகொள்ளும் உரிமை, நீதவானின் தனிப்பட்ட நல்லெண்ணத்தில் தங்கியிராது சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

நான்காவது நம் கையிலேயே உள்ளது. உறவுகளின் வீடுகளில் உள்ள ஆவணங்களை, மூலப்பிரதியை உரியவரிடமே விட்டு, பிரதியெடுத்துப் பாதுகாக்கும் ஒரு பொது ஆவணகம் குடாநாட்டில் அமைய வேண்டும். கறையான் அரிக்கும் ஒவ்வொரு கடிதத்துடனும் ஒரு வழக்கு சாகின்றது. செம்மணிக்குரிய ஆவணங்களுக்கு அருகில் சோனகதெருவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களின் ஆவணங்களும் வைக்கப்பட வேண்டும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தைப் பகிஷ்கரிப்பதா இல்லையா என்பது உறவுகள் தாமே தீர்மானிக்க வேண்டிய விடயம். எவ்வாறு தீர்மானித்தாலும் ஆவணங்களைப் பேணும் பணி தள்ளிவைக்கப்படக் கூடாது.

2025 செப்டெம்பரில் காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐ.நா. குழு இலங்கையின் முதலாவது அறிக்கையை ஜெனீவாவில் ஆராய்ந்தது. சமவாயப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்கப்பட வேண்டிய அவ்வறிக்கை பல ஆண்டு தாமதத்தின் பின்னரே அளிக்கப்பட்டிருந்தது. இத்தகைய குழுக்கள் கூறும் அவதானிப்புகள் தாமாக நாட்டுக்குள் வருவதில்லை. அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்களிடம் கொண்டு சென்று, பிரதேச செயலகம் முதல் பாராளுமன்றம் வரை எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை எனத் தொடர்ந்து கேட்பதற்கு ஆட்கள் வேண்டும். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும், சட்டத்தரணிகள் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும், மாணவர் ஒன்றியங்களும் இதனைத் தமது பணியாக ஏற்கலாம். நாற்பது ஆண்டுகளாகத் தாய்மார் தனியே சுமந்த பாரத்தில் ஒரு பங்கையேனும் இறக்கி வைப்பது ஏனையோரின் கடமையாகும்.

1984இல் யாழ். கச்சேரியின் முன் நின்ற தாய்மார் எழுப்பிய கேள்விக்கு இன்னமும் பதில் கிடைக்கவில்லை. அன்று அக்கேள்விக்குச் சட்டத்தின் துணை இருக்கவில்லை. இன்று நாடு ஒப்பமிட்ட சமவாயம் ஒன்று அதற்குத் துணையாக நிற்கின்றது. அதனைக் கையிலெடுத்து, தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் அருகருகே நின்று கேட்கும்போது, அந்தக் கேள்வியை ஓர் இனத்தின் முறைப்பாடு என்று தட்டிக்கழிப்பது எந்த அரசாங்கத்துக்கும் இலகுவாக இராது.